கத்தியக் காணோம், கவசத்தக் காணோம்

…அதாண்ணே நானும் சொல்றேன், ரிப்பேருக்குக் கொண்டாந்த இந்த கேம் மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல, கேம்லதான் கோளாறு! காலைல டிவியப் போட்டு ஆன் பண்றேன், நம்ம வீரன் அவன் வூட்டு வாசல்ல வெறும் கோவணத்தோட நின்னுக்கினு கீறான். கத்தியக் காணோம். கவசத்தக் காணோம். எரும கொம்பு வெச்ச தொப்பி ஒண்ணு, அதயும் காணோம். நேத்து நான் ஷிப்டுக்குக் கெளம்பச் சொல்ல எல்லாம் மாட்டிக்கினு கல்யாண மாப்ள மாதிரி நின்னாண்ணே! அதுக்குள்ள எவன் உருவிக்கினு போனான்? பக்குதான் இது, கேம் எழுதனவன் வுட்ட தப்பு. வேற இன்னா?

கழட்டுங்க, கழட்டுங்க. அந்த ஓரத்து ஸ்குரூ மட்டும் பாத்து, வழுக்கிக்கினு கீது. தூசி இருக்காது பாருங்க உள்ள. நானே மாசத்துக்கு ஒரு தபா தொடைக்கிறேன். வல்லம் வடகால்ல எங்க பிரேக் பார்ட் கம்பெனில வந்து கேளுங்க, ஜெபகுமார் லைன்னா தரையில சோறு போட்டுத் திங்கலாம்னுவாங்க. ஃபைவ் எஸ்னு சுத்தத்துக்கு மார்க்கு போடுவாங்க, அதுல பிளான்ட்டுக்கே ஃபர்ஸ்ட்டு. ஸ்டேஜ்ல என்னக் கூப்டு ஃபிளாஸ்க் குடுத்தாங்க. இன்னா ஃபிளாஸ்க்கு… மூடி நிக்க மாட்டுது. அத வுடுங்க.

கேமு நல்லால்லன்னு சொன்னா வாய் அழுவிடும். சண்ட சோக்கா வெச்சிருக்கான். சதுப்புக் காட்டுல ஒரு ராட்சசன் வருவான், கையில எலும்பு உலக்க. மேல தூக்குவான், ஒரு மூச்சு நிப்பான், எறக்குவான். நம்ம பிரஸ் மிஷினேதான்! அந்த ஒரு மூச்சுல பொரண்டுட்டா தப்பிச்ச. பொரளல, உன் தப்பு. அவன் மேல கொற சொல்ல முடியாது. அப்பறம் சத்தம். அடடா! பின்னாடி புல்லுல எவனாச்சும் வந்தா காதுல வுழும்ணே. மழ பேஞ்சா ஓட்டு மேல ஒரு மாதிரி, குதிர மேல ஒரு மாதிரி. அதுக்குக் கைகுடுக்கணும்.

ஆனா குதிரைக்கு மூள இல்ல. ஒரு கல்லு குறுக்க வந்தா முட்டிக்கினே நிக்கும், நம்ம கூட்ரோட்ல கன்டெய்னர் லாரி நிக்கிற மாதிரி. ஊர்க்காரனுங்க இருக்கானுங்களே, நீ ராட்சசனக் கொன்னுட்டு வந்தாலும் "இந்த வருஷம் வெளைச்சல் சுமார்"னுவானுங்க. மேப்பப் பாத்து வழி கண்டுபுடிச்சா நான் மீசைய எடுத்துடறேன். எல்லாத்த விட பெரிய பேஜாரு இன்னா தெரியுமா? ஆட்டத்த சேவ் பண்ணி வெக்க ஒரே ஒரு எடந்தான்! பழசுக்குத் திரும்பிப் போவ வழியே வெக்கல. செஞ்சது செஞ்சதுதான். எந்த ஊரு நியாயம்ணே இது? நம்ம லைன்லகூட தப்பா போனத திருத்த ரீவொர்க்குன்னு ஒண்ணு கீது.

யாரு? ஆடறது நானும் மதியும். மதிவதனி… எங்க வூட்ல. அவ ஸ்ரீபெரும்புதூர்ல போன் கம்பெனி. நான் ஃபர்ஸ்ட் ஷிப்டுன்னா அவ செகண்டு, அவ ஃபர்ஸ்ட்டுன்னா நான் செகண்டு. கல்யாணம் ஆனதுல இருந்து ஞாயித்துக்கெழம மட்டுந்தான் மூஞ்சி பாக்கறது. அதனால ரெண்டு பேருக்கும் ஒரே வீரன்னு முடிவு பண்ணோம். அவ வுட்ட எடத்துல இருந்து நான், நான் வுட்ட எடத்துல இருந்து அவ. ஷிப்ட் ஹேண்டோவர் மாதிரி. நல்ல ஏற்பாடு இல்ல?

ஏற்பாடு நல்ல ஏற்பாடு. ஆளுதான் சரியில்ல. அவ சண்டைக்கே போவ மாட்டாண்ணே! அவ்ளோ பெரிய கத்தி இடுப்புல தொங்கச் சொல்ல, மல மேல போயி பூ பறிச்சிக்கினு கீறா! ஆத்துல குந்திக்கினு மீன் புடிக்கிறா. வீரன் வூட்ல ஒரு மரப்பொட்டி கீது, அதுல கொண்டாந்து போடுவா. நீலக் கலர்ல பூவு. உருண்டையா ஒரு கூழாங்கல்லு. கை ஒடஞ்சு போன ஒரு மரப்பொம்ம. அத்தோட தெனம் ஒரு கிண்ணம் சூப்பு! அது சும்மா வராதுண்ணே, காய் பறிக்கணும், அடுப்பு மூட்டணும், நின்னு கிண்டணும். எங்க வீரன் இருக்கற லெவலுக்கு அந்த சூப்பக் குடிச்சா ஒடம்புல ஒரு புள்ளி ஏறாது. எதுக்கு அது? எடத்த அடைச்சிக்கினு!

நான் இன்னா செஞ்சேன்… ஃபைவ் எஸ்ல மொதோ வேல அதான? வேணும், வேணாம்னு பிரிக்கறது. வேணாததுக்கு செவப்பு டேக்கு ஒட்டறது, அப்பால ஸ்கிராப் யார்டு. வூட்டையே நான் அப்டித்தான் வெச்சிருக்கேன். சிலிண்டர சுத்தி மஞ்ச டேப்பு, பருப்பு டப்பால லேபிளு. மதி ஒண்ணும் சொல்ல மாட்டா, சிலிண்டர மட்டும் தள்ளி வெப்பா. சரின்னு பொட்டியத் தொறந்தேன். கத்தி தீட்டற கல்லு, அது இருக்கட்டும். பூவு, பொம்ம, கூழாங்கல்லு, சூப்பு, எல்லாம் செவப்பு டேக்கு. கேம்ல ஒரு கடக்காரன் கீறான், அவனே வாங்க மாட்டேன்னுட்டான். மொத்தமா ஆத்துல கொட்டிட்டு, பொட்டிய பளிச்சுன்னு வெச்சேன்.

ஞாயித்துக்கெழம ஆசையா வந்து பக்கத்துல குந்தினா. "பொட்டியில இருந்ததப் பாத்தியா"ன்னா. பாத்தேன், கிளீன் பண்ணிட்டேன்னேன். பெருமையாதாண்ணே சொன்னேன்! கையில இருந்த ரிமோட்ட கீழ வெச்சுட்டு எந்திரிச்சு உள்ள போனவதான். அடுத்த ஞாயித்துக்கெழம வந்து, "கம்பெனி ஹாஸ்டல்ல எடம் கீதாம், அடுத்த மாசம் போறேன், பஸ்ல போற நேரமாச்சும் மிச்சமாவும்"னு சொல்றா. கேம்ல இருந்த சூப்புக்கு ஹாஸ்டலா? எங்கனா கேள்விப்பட்டிருக்கீங்களா?

இன்னாண்ணே? …கேட்டேனாவா? யார? டேக்கு ஒட்டனா ஓனரக் கேக்கணும், ஆமா, அது ரூலு. கேக்காம தூக்கிப் போட்டா ஆடிட்ல மார்க்கு போயிடும். ஆனா அது கம்பெனிக்கு. வூட்டுக்கு எவன் அப்டி…

வூட்ல சாப்பாடா? வெப்பா. நான் வரச் சொல்ல தூங்கிக்கினு இருப்பா, ஆனா தட்டு போட்டு மூடி வெச்சிருப்பா. இந்த வாரந்தான் கேன்டீன்லயே தின்னுட்டு வந்துடுன்னுட்டா. ஏன் கேக்கறீங்க? அதுக்கும் இதுக்கும் இன்னா…

மிஷின மாட்டிட்டீங்களா? போடுங்க, டிவில போடுங்க. ம்… பாருங்க. கோவணம். நான் சொன்னேன்ல? பக்கு.

கேம்ல இருக்கற கடக்காரன்கிட்டவா? போலாம், அங்க இன்னா… அட! என் கத்தி! செவுத்துல தொங்குது பாருங்கண்ணே! அது என் கவசம்! கொம்புத் தொப்பியக் கூட வெல போட்டு மாட்டிக்கீறான். அப்போ… வித்திருக்கு. பக்கு போயி கடையில விக்காதுல்ல.

அவதான். நேத்து சாயங்காலம் வந்து வித்திருக்கா. ராட்சசன்கிட்ட எவ்ளோ ஒத வாங்கி எடுத்த கத்திண்ணே அது! மனசு எப்டி வந்துது அவளுக்கு? ஒரு வார்த்த… என்ன ஒரு வார்த்த கேக்காம…

ம். சரி.

சரிண்ணே, நீங்க சிரிக்காதீங்க. புரியுது.

பொட்டியா? அதுல ஒண்ணும் இருக்காது, நானே காலி பண்ணது. அன்னிலேந்து தொறக்கவே இல்ல. சரி, உங்க திருப்திக்குத் தொறக்கறேன்…

சூப்பு.

ஒரு கிண்ணம் சூப்பு கீதுண்ணே. மேல ஆவி வருது பாருங்க. இத நான் வெக்கல. எல்லாத்தயும் வித்துட்டு, அம்மாம் கோவத்துல… காய் பறிச்சி, அடுப்பு மூட்டி… அய்யோ. தொடாதீங்கண்ணே! அந்த பட்டன் அழுத்துனா குடிச்சிடுவான்! குடிச்சா பொட்டி காலியாயிடும், மறுபடி ஆத்துல கொட்டிட்டேன்னு நெனப்பா. குடிக்காம வுட்டா, இன்னும் தொறந்தே பாக்கலன்னு நெனப்பா. இன்னா கேமுண்ணே இது! ராட்சசனக் கூட சமாளிச்சிடலாம்.

இப்டி பண்றேன். சூப்ப குடிச்சிட்டு, அந்த எடத்துல நான் எதுனா வெக்கறேன். எங்கிட்டதான் ஒண்ணும் இல்ல… அந்த நீலப் பூவு. அது வடக்கு மல உச்சில. வழி பூரா ஓநாயி. கத்திய மொதல்ல மீட்டுக்கினு போலாம்… வாணாம், பேரம் பேசிக்கினு நின்னா நேரம் ஆயிடும். அவ ஷிப்டு முடிஞ்சி வர்றதுக்குள்ள இந்த மிஷின வூட்ல மாட்டி வெக்கணும். பொரண்டு பொரண்டு போயிடறேன்.

எங்கண்ணே எழுந்துட்டீங்க? சாப்பாட்டுக்கா? போங்க, போங்க. கடைய நான் பாத்துக்கறேன். எங்க ஷிப்டு பஸ்ஸா? போனா போவட்டும், அது நாளைக்கும் வரும். அண்ணே… அண்ணே, ஒரு நிமிஷம்! போறதுக்கு முன்ன சத்தத்த மட்டும் கொஞ்சம் ஏத்தி வுட்டுட்டுப் போங்க. கோவணத்தோட போயிக்கினு கீறேன், ஓநாயி பின்னால வந்தா காதுல வுழணும்.