தம்பியின் வோட்டு

இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் நடந்த அன்று, இங்கே வெளிநாட்டில் ஹென்டர்சன் ஸ்டேஷனில் ரயில் ஏறிய ஒரு யாழ்ப்பாணத்துக் கணவனும் மனைவியும் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்கள்.

“உங்கட ஆள் இனவாதம் கதைக்கேக்க மட்டும் நீங்கள் டிவிச் சத்தத்தைக் குறைக்கிறியள்,” என்றாள் அவள்.

“அது வோட்டுக்காகக் கதைக்கிறது. சனம் அவரோடதான் நிக்குது. உம்மட தம்பியும் அவருக்குத்தான் போடுறன் எண்டவன்.”

“என்ர ஆளுக்குப் போடச் சொல்ல எனக்கும் ஓம் எண்டுதானே சொன்னவன்?”

உடனே ஊரிலிருக்கும் தம்பியைப் போனில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“இப்பதான் போட்டிட்டு வாறன். ஒராளுக்கு மேல வரிசைப்படி விருப்பு வாக்குப் போடலாம்தானே அக்கா. உங்கட ஆளுக்கு முதலாவது, அத்தான்ர ஆளுக்கு ரெண்டாவது. அத்தானிட்டச் சொல்லிப்போடாதேங்கோ.”

அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“சத்தத்தைக் குறையுமப்பா,” என்றார்.