திருடு போகாத வெள்ளைக் கார்

இளவரசி, வயது 44, கணவர் பெயர் குமரன், குடியிருப்பு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம், படிப்பு வேதியியலில் இளநிலைப் பட்டம், தொழில் நெசவாளர்களுக்குப் பட்டு நூல் கொடுத்துச் சேலையாக வாங்கி விற்பது. நேற்று நீதித்துறை நடுவர் அவர்கள், நான் விரும்பாவிட்டால் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்றும், சொன்னால் அது எனக்கே எதிராகப் பயன்படும் என்றும் விளக்கி, யோசிக்க ஒரு நாள் கொடுத்தார். யோசித்துவிட்டு இன்று, 12.03.2025 அன்று, திரும்ப வந்திருக்கிறேன். யாரும் என்னை மிரட்டி அனுப்பவில்லை.

04.03.2025 செவ்வாய்க்கிழமை மாலை, என் வெள்ளைக் கார் திருடு போய்விட்டதாகக் காவல் நிலையத்தில் நான் எழுதிக் கொடுத்த புகார் பொய். காரை யாரும் திருடவில்லை. அன்று அதை ஓட்டியது நான்.

அன்று பகல் இரண்டு மணிக்கு ஓரிக்கையில் ஒரு தறிக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் தறியில் அரக்கு நிறத்தில் ஒரு கல்யாணச் சேலை பாதி நெய்திருந்த நிலையில், குறுக்கே ஓடும் ஊடை நூல் குறைந்துபோயிருந்தது. குறைந்த நூலுக்கு மறுபடி சாயம் போடும்போது முதல் நூலோடு நிறம் அச்சாக ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் சேலையின் நடுவில் கோடு கிழித்த மாதிரி தெரியும். ஆகவே ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பழைய நூலில் சுற்றிக் கட்டிய ஒரு சிறு சிட்டத்தை அவரிடம் வாங்கிக்கொண்டு மூன்றரை மணிக்குக் காரில் ஊருக்குப் புறப்பட்டேன். காரில் வேறு யாரும் இல்லை.

அதன் பிறகு, ஓரிக்கையைத் தாண்டி வந்துகொண்டிருந்தபோது, அந்தக் குறைந்த நூலுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்த சாயப்பட்டறை முனிரத்தினம் போனில் ஒரு படம் அனுப்பினார். தொட்டியிலிருந்து தூக்கிய ஈர நூலின் படம். உடனே கூப்பிடவும் செய்தார். "அக்கா, தண்ணி கொதிச்சிக்கினு இருக்குது. போதுமா, இன்னும் ஒரு முக்கு போடவா? சீக்கிரம் சொல்லுக்கா, அப்புறம் கருத்துப்பூடுச்சின்னு என்னை வையக்கூடாது" என்றார். படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்தேன். வண்டியை ஓரங்கட்டிப் பார்த்திருக்கலாம். அந்த இடத்தில் சாலை அகலம்தான், நிறுத்த இடமும் இருந்தது.

போன் திரையில் நிறம் உண்மையாகத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். கல்லூரியில் நான் படித்ததே அது சம்பந்தப்பட்ட படிப்பு. அதனால் பக்கத்து இருக்கையில் கிடந்த சிட்டத்தை எடுத்து, போனோடு சேர்த்து ஒரே கையில் பிடித்து, வெயில் படும்படி என் வலது பக்கக் கண்ணாடிக்கு நேராகத் தூக்கினேன். இன்னொரு கையால் திரையைப் பெரிதாக்கினேன். ஸ்டியரிங்கை முழங்கையால் பிடித்திருந்தேன். ஒரு நொடிதான் பார்த்தேன் என்று பிற்பாடு என் அண்ணனிடம் சொன்னேன். ஒரு நொடி இல்லை. படத்தைப் பார்த்தேன், சிட்டத்தைப் பார்த்தேன், மறுபடி படத்தைப் பார்த்தேன், நிழல் விழுந்ததால் சிட்டத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். இதை நான் அன்றுதான் முதல் முறையாகச் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. கார் வாங்கிய இந்த நான்கு வருடங்களில் எத்தனையோ நிறங்களை ஓட்டிக்கொண்டேதான் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். அதைத் திறமை என்று நினைத்திருந்தேன்.

அப்போது சாலையின் இடது ஓரமாக, தலையில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு முன்னால் நடந்துபோன பொன்னி என்பவரை, பின்பக்கமிருந்து நான் என் காரால் இடித்தேன். ஹாரன் அடிக்கவில்லை, பிரேக் பிடிக்கவில்லை. அவரை நான் பார்க்கவே இல்லை. சத்தம் கேட்ட பிறகுதான் சாலையைப் பார்த்தேன். முன் கண்ணாடி முழுவதும் புல்லாக இருந்தது.

அதன் பிறகு சுமார் ஐம்பது அடி தள்ளிக் காரை நிறுத்தினேன். கீழே இறங்கவில்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடப்பதும், கை அசைவதும் தெரிந்தது. எதிர்ப்பக்கத்து வயலிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். அப்போது முனிரத்தினத்திடமிருந்து மறுபடி செய்தி வந்தது. நான் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, "போதும்பா, எடுத்துடு" என்று குரல் பதிவு அனுப்பினேன். நேரம் 3.52. அந்தப் பதிவு என் போனில் இருக்கிறது, போனை ஒப்படைத்துவிட்டேன். ஒப்படைப்பதற்கு முன் நேற்று அதைப் போட்டுக் கேட்டேன். என் குரலில் எந்த வித்தியாசமும் இல்லை. அதை அனுப்பிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அதன் பிறகு நேராக என் அண்ணன் காசிநாதன் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் காரைச் சுற்றி வந்து பார்த்தார். இடது பக்க விளக்கு உடைந்திருந்தது. "அழுதுக்கினு நிக்காத. வண்டிய எவனோ தூக்கிக்கினு பூட்டான்னு எழுதிக் குடு. இந்த வெள்ளை வண்டிதான் ஊர்ல நெறைய காணாமப் போவுது. யாரும் ஏன்னு கேக்க மாட்டான்" என்றார். பிறகு அவரே காரை ஓட்டிக்கொண்டு போய்த் திருமுக்கூடல் பக்கம் ஆற்றோர மரங்களுக்குள் விட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்பினார். யோசனை சொன்னது அவர். ஆனால் அண்ணன் சொன்னதால் செய்தேன் என்று சொல்லும் வயது எனக்கு இல்லை. ஒப்புக்கொண்டவள் நான்.

அன்று மாலை ஆறு மணிக்குக் காவல் நிலையம் போனேன். உதவி ஆய்வாளர் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். கடைத்தெருவில் நிறுத்திவிட்டுப் போய் வருவதற்குள் காணவில்லை என்று சொன்னேன். எதிர்க்கேள்வி கேட்பார் என்று பயந்திருந்தேன். அவரோ எனக்கே விளக்கம் சொன்னார். "வெல ஜாஸ்தியான வண்டிய எடுக்க மாட்டானுங்கமா. தெருவுக்கு நாலு நிக்குது பாருங்க, அதைத்தான் எடுப்பானுங்க. வெள்ளையா இருந்தா எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். கழட்டிட்டா கதவு ஒரு ஊருக்கு, இன்ஜின் ஒரு ஊருக்கு. எல்லா மெக்கானிக்குக்கும் அந்தச் சாமான் வேணுமே. இந்த மாசத்துல உங்களுது மூணாவது" என்றார். எனக்கு அழுகை வந்தது. காருக்காக அழுகிறேன் என்று நினைத்து, "விடுங்கமா, வண்டிதானே. ஆளுக்கு ஒண்ணும் ஆவலையே" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

அதன் பிறகு, சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். ஒன்று என்னிடம் என்றும், இன்னொன்று எங்கள் தெரு முனையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் வேல்முருகனிடம் என்றும் சொன்னேன். போன வாரம் சர்வீஸ் செய்ய வாங்கிய சாவியை அவர் இன்னும் திருப்பித் தரவில்லை. நான்தான் போய் வாங்காமல் இருந்தேன். அந்தப் புகாரில் இருந்த ஒரே உண்மை இதுதான். கேட்டதற்கு உள்ளதைச் சொல்கிறோம் என்ற நிம்மதியில் முகவரியையும் சேர்த்துச் சொன்னேன்.

06.03.2025 அன்று கார் கிடைத்தது. பூட்டு உடைபடவில்லை, உடைந்த விளக்குக்குள் புல் சிக்கியிருந்தது. ஆகவே சாவி வைத்திருந்தவன்தான் காரைத் திருடி, போகிற வழியில் ஓரிக்கைப் பக்கம் அந்தப் பெண்ணை இடித்துவிட்டுத் தப்பினான் என்று முடிவு செய்து, 07.03.2025 அன்று வேல்முருகனைக் கைது செய்தார்கள். நான் பொன்னியை இடித்த அன்று பகல் அவர் பட்டறையைப் பூட்டிவிட்டுத் தனியாக மதுராந்தகம் போயிருக்கிறார், போனதற்குச் சாட்சி இல்லை. கைதான செய்தி தெரிந்தும் நான் 07.03.2025 அன்றும் மறுநாளும் வீட்டில் இருந்தேன். நூல் எடை போட்டேன், சமைத்தேன். அவருக்கு ஜாமீன் கிடைத்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

09.03.2025 ஞாயிற்றுக்கிழமை காலை வேல்முருகனின் மனைவி ஏலவார்குழலி என் வீட்டுக்கு வந்தார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்துக் கதவைப் பாதிதான் திறந்தேன். அவர் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து, "அக்கா, நீங்க படிச்சவங்க. நீங்க வந்து ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க. உங்க வண்டிய எப்பிடித் தொடைப்பாரு, நான்கூடத் திட்டுவேன், அவங்க வண்டிய தொடைக்கிற நேரத்துல வூட்டு ஃபேனைத் தொடைக்கக் கூடாதான்னு. அவரு எடுக்கலன்னு உங்களுக்குத் தெரியும் இல்ல?" என்று கேட்டார். "தெரியும்" என்றேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நான் கைகளை எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் அன்று நான் செய்தது. காபி குடிக்கிறாயா என்றும் கேட்டேன்.

மறுநாள் 10.03.2025 அன்று மருத்துவமனைக்குப் போய்ப் பொன்னியைப் பார்த்தேன். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். வலது தொடை எலும்புக்குக் கம்பி வைத்திருக்கிறார்கள். நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. "நீ யாரும்மா, பால் சங்கத்துல இருந்து வந்திருக்கியா?" என்றார். அடிபட்டதைக் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தேன் என்றேன். வீட்டில் இரண்டு மாடுகள் இருப்பதாகவும், அதில் செவலை வேறு யார் கைக்கும் பால் விடாமல் உதைப்பதாகவும் சொன்னார். பிறகு, "இடிச்சவன் திருடனாம், புடிச்சிட்டாங்களாம். நானும் அதான் சொன்னேன். குடும்பம்னு இருக்கிறவ ஒருத்தியா இருந்தா எறங்கிப் பாத்திருக்க மாட்டாளா? அந்த வழியா கார்ல போற அம்மாங்கள்லாம் நல்லவங்க. மழைன்னா நிறுத்தி ஏத்திக்கினு போவாங்க" என்றார். வாங்கிப்போன ஆரஞ்சுப் பழங்களைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். அவரிடம் நான் சொல்லவில்லை. அங்கேயும் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்று இரவு என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை அவருக்கு எதுவும் தெரியாது. "அந்த மெக்கானிக் பையன் உள்ள தூங்குவானா?" என்று மட்டும் அவர் கேட்டார். மறுநாள் காலை இங்கு வந்தேன்.

வேல்முருகன் என் காரைத் தொடவில்லை. அவரிடம் இருந்த சாவி அன்று முழுவதும் அவர் பட்டறை ஆணியில் தொங்கியிருக்க வேண்டும். அவர் உள்ளே இருப்பதற்குக் காரணம் என் புகாரும், அவர் கைதான பிறகு நான்கு நாள் நான் வாய் திறக்காமல் இருந்ததும்தான். எனக்கு என்ன தண்டனை என்பது தனி. அதைப் பேசி முடிக்கும்வரை அவரை வைத்திருக்க வேண்டாம் என்று வேண்டுகிறேன்.

மேலே உள்ளதைத் தட்டச்சு செய்து எனக்குப் படித்துக் காட்டினார்கள். பொன்னி அடிபட்ட இடத்தில், "கார் எதிர்பாராதவிதமாக மோதிவிட்டது" என்று இருந்தது. வழக்கமாக அப்படித்தான் எழுதுவோம் என்று எழுத்தர் சொன்னார். நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். அதை அடித்துவிட்டு, "நான் என் காரால் இடித்தேன்" என்று என் கையால் எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, நான் சொன்னது நடந்தபடியே இருக்கிறது.

(ஒப்பம்)
கு. இளவரசி