ஸ்பானிஷில் ஆன கல்யாணம்

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு தோழிகள். சார்ட் பேப்பரைச் சுருட்டி வைத்திருந்தவள் திடீரென்று சொன்னாள்:

"இன்னைக்கு கிளாஸ்ல எனக்குக் கல்யாணம் ஆயிருச்சுடி."

"என்னடி உளர்ற? ஸ்பானிஷ் டீச்சர் ட்ரெய்னிங்குக்குத்தான போன?"

"ஆமா. இன்னைக்குத்தான் ஸ்கூல் பிள்ளைகளுக்கு மொத தடவ பாடம் எடுத்தேன். மார்க் போட மேடம் பின்னாடி உக்காந்திருந்தாங்க. களைப்பா இருக்கேன்னு சொல்லணும்னா 'கன்சாதா'. பதட்டத்துல நடு எழுத்த விட்டுட்டு 'கசாதா'ன்னுட்டேன். கல்யாணம் ஆனவன்னு அர்த்தம்."

"அய்யய்யோ! பெயிலா?"

"அதான் இல்ல. அதுவரைக்கும் வாயே தொறக்காத பிள்ளைக அம்புட்டும், 'மாப்ள பேரு என்ன டீச்சர்'னு ஸ்பானிஷ்லயே கத்துதுக. பிள்ளைகளப் பேச வச்சுட்டியேன்னு மேடம் பாஸ் போட்டுட்டாங்க."

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"சரி, என்ன பேரு சொன்ன?"

அவள் சார்ட் பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"வாயில மொதல்ல வந்தது உங்க அண்ணன் பேருதான்."

தோழி ஜன்னலோரத்திலிருந்து எழுந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு இடம் விட்டாள்.

"இங்கிட்டு வந்து காத்தாட உக்காருங்க, மதினி."