யோரிண்டேயின் முகக்கவசம்

காப்பி நன்றாக இருக்கிறது. பிஸ்கட் ஒன்று எடுத்துக்கொண்டேன், போதும். டப்பாவை மூடிவிடுங்கள்.

அந்த வாரம் துணி துவைக்கும் முறை எனக்கு. அங்கிருந்து தொடங்கினால் நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும். எங்கள் ஹாக்கி கிளப்பில் நாட்டுக்காக ஆடியவள், நேற்றுச் சேர்ந்தவள் என்ற பேதமில்லை. பட்டியலில் பேர் வந்தால் மொத்த அணியின் உடுப்பையும் சைக்கிளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பந்து முகத்தில் படாமலிருக்க மாட்டும் முகக்கவசங்களும் அதே பையில்தான் இருக்கும்.

யோரிண்டே நெதர்லாந்துக்காக நூற்று நாற்பத்து மூன்று ஆட்டம் ஆடியவள். அதில் அறுபத்தொன்றில் அவளுக்குப் பின்னால் கோல்கீப்பராக நின்றவள் நான். எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தால் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு எங்கள் கோலிலிருந்து முதலில் பாய்ந்து ஓடுபவள் அவள்தான். வரும் பந்தின் வழியில் உடம்பைக் கொண்டுபோய் நிறுத்துவது அவள் வேலை. அவள் முதுகு எனக்கு மனப்பாடம்.

போன ஆண்டு தேசிய அணி முகாமில் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்தார் பயிற்சியாளர் வுப்போ. எங்களுக்கு அது பழக்கம்தான்.

"மனசுல வச்சுக்காதீங்க. மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க. அப்புறம் சேர்ந்து பட்டாணி சூப் குடிப்போம்" என்றார்.

யோரிண்டே என் பக்கம் திரும்பினாள். "ஹிஸ்கே, உன் மேல பாசம் இருக்கறதாலதான் சொல்றேன். குழந்தை பொறந்ததுலேர்ந்து பந்து உசரமா வந்தா நீ கண்ணை மூடிக்கிறடி."

"மூடிக்கிட்டே இத்தனை தடுத்தாளா? தொறந்து வச்சிருந்தா நாமெல்லாம் வீட்டுக்குப் போயிருக்கலாமே" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சூப்பை யோரிண்டேதான் எனக்கு ஊற்றிக் கொடுத்தாள். இரண்டு வாரத்தில் வுப்போ தொலைபேசியில் என்னை அணியிலிருந்து எடுத்துவிட்டதாகச் சொன்னார். யோரிண்டே தன் மூன்றாவது ஒலிம்பிக்குக்குத் தயாரானாள். நான் கிளப்புக்கு மட்டும் ஆடினேன். அங்கேயும் எனக்கு முன்னால் அதே முதுகு.

எனக்குப் பயம் கிடையாது. பந்து முகத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

துவைத்துக் காயவைத்தேன். அவள் முகக்கவசத்தின் பின்பட்டையை உட்பக்கமாகக் கத்தரித்தேன். குழந்தைக்கு நகம் வெட்டும் சின்னக் கத்தரிக்கோல். மூன்று நான்கு இழையை விட்டுவைத்தேன். மாட்டும்போது தாங்க வேண்டும், ஓடும்போது தாங்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க விடாத தூறல். ஆட்டத்துக்கு முன் மைதானத்தை நனைக்கத் தண்ணீர் அடிக்கும் வேலைகூட மிச்சம். ஆட்டத்தின் மூன்றாவது கால் பகுதியில் எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. முகக்கவசத்தை எடுத்து நானே அவள் கையில் கொடுத்தேன். யார் எங்கே ஓட வேண்டும் என்று சொல்வது கோல்கீப்பர்தான்.

"நேரா அடிக்கிறவ மேலயே போ. ஒதுங்காத" என்றேன்.

"நான் என்னைக்குடி ஒதுங்கியிருக்கேன்?" என்று சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டாள்.

இடது கண் போய்விட்டது. ஒலிம்பிக்கும் போய்விட்டது. மருத்துவமனைக்குப் பூங்கொத்தும் சூப்பும் கொண்டுபோனேன்.

"மாஸ்க் கழண்டுடுச்சு ஹிஸ்கே. நான்தான் சரியா மாட்டல போல."

"அவசரத்துல மாட்டியிருப்ப" என்றேன். மூஞ்சிக்கு நேராக அவளிடம் நான் சொன்ன ஒரே பொய் அது.

கத்தரித்தது நான். ஓடச் சொன்னதும் நான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் முகக்கவசம் எந்த இடத்தில் கழன்றது, பந்து எப்படிப் பட்டது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்களே, அதை மட்டும் என்னால் சொல்ல முடியாது. சத்தம்தான் கேட்டது. அந்த நேரம் பார்த்து வெயில் என் கண்ணில் அடித்தது.