மூலை மேசைக்கு விளக்கில்லை

விளக்கு இல்லைன்னு குறை எழுதிட்டீங்களா சார்? எழுதுங்க, எழுதுங்க. அந்த மூலை மேசைக்கு மட்டும் இல்லைன்னு அடியில கோடு வேற இழுத்துக்குங்க. போன் தயாரிக்கிற கம்பெனி ஆளு, இவ்ளோ தூரம் வந்துட்டு வெறுங்கையோடயா போவீங்க?

கையெழுத்தா? பேப்பரைப் படிச்சுட்டேன். கிழவனுக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சீங்களாக்கும். உங்க பழைய போனைப் பிரிக்கிறது சுலபமாம், உள்ள இருக்கிறதெல்லாம் பத்திரமா ஃபேக்டரிக்குத் திரும்பி வந்து புதுப் போனா ஆகுதாம். பிரிக்கிறவன் நான் ஆமாம்னு சொல்லணுமாம்.

யாருக்கு சார் சுலபம்? முன்னெல்லாம் பேட்டரிக்கு நாலு ஸ்க்ரூ போட்டீங்க. நான் ஒரு தடவை தும்மினதுல நாப்பது போன் கழண்டு, ஸ்க்ரூவெல்லாம் வரிசையா நடந்து போய் டப்பாவுல உக்காந்துச்சு. சிரிக்காதீங்க, பாத்தவங்க இருக்காங்க. இப்ப? போன் மெலிசா இருக்கணும்னு ஸ்க்ரூவை எடுத்துட்டுப் பசையைப் பூசிட்டீங்க. லாரியில கட்டி இழுத்தோம். லாரியோட பம்பர் கழண்டுச்சு. பேட்டரி அசையல.

அந்த மூலை மேசையில இருக்கிறவனா? ஆமா, குனிஞ்சுகூடப் பாக்காமத்தான் பிரிப்பான். அம்மா வயித்துக்குள்ளயே ஸ்க்ரூ எண்ணினவன். நீங்களும் என்னா திறமைன்னு வாயைப் பொளந்துக்கிட்டுப் படம் புடிச்சீங்களே. அது ஸ்க்ரூ வச்ச பழைய போன் சார். பசை போட்டதை அவன் தொடமாட்டான்.

எங்க எழுந்திரிக்கிறீங்க? உக்காருங்க. இந்தாங்க கத்தி. பேட்டரிக்கு அடியில விட்டு நெம்புங்க. கை கொஞ்சம் சாஞ்சாலும் பேட்டரி கிழியும். கிழிஞ்சாலா? நெருப்பு நேரா மூஞ்சிக்குத்தான். ஏன் சார், கத்தியைக் கீழ வைக்கிறீங்க? சுலபம்னுதானே அச்சடிச்சிருக்கு? ஒண்ணே ஒண்ணு பிரிங்க, நான் ரெண்டு கையாலயும் கையெழுத்துப் போடுறேன்.

மாட்டீங்களா? அப்ப பேப்பரை மடிச்சுப் பையில வைங்க. ஸ்க்ரூவைத் திரும்பப் போட்டுட்டு வாங்க, பேசுவோம்.

மறுபடியும் விளக்கா? விடமாட்டீங்களே. போன வருஷம் வரைக்கும் இருந்துச்சு சார். பசையை நெம்புறப்ப உங்க பேட்டரி வெடிச்சு, அவனுக்கு ரெண்டு கண்ணும் போச்சு. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னைக்கே, எனக்கு எதுக்குப்பா அது, அக்கா மேசைக்கு மாத்திடுன்னான். பெத்தவன் நான்தான் ஏணி போட்டு ஏறினேன். நாலே நாலு ஸ்க்ரூ. சுலபமா வந்துடுச்சு.