கால் இல்லாத அடையாளம்

வெரெமா: ...‘மூணு வெள்ளாடு நிக்கிற வீடு’. போட்டாச்சு.

மட்டிண்டே: அழிடா அதை.

வெரெமா: ஏன்க்கா? கண்ணு முன்னாடி நிக்குது பாரு. ஒண்ணு, ரெண்டு... மூணாவது உன் பாவாடையைத் திங்குது.

மட்டிண்டே: சீ, போ சனியனே! ஆடு, மாடு எதுவும் மேப்புல வேணாம். கால் உள்ள எதையும் போடாத.

வெரெமா: அப்ப நாற்காலி?

மட்டிண்டே: உதைப்பேன். டார் எஸ் சலாம் பசங்க வானத்துல இருந்து எடுத்த படத்தைப் பார்த்துக் கூரை கூரையா வரைஞ்சு அனுப்பியிருக்காங்க. எது யார் வீடுன்னு நாமதான் சொல்லணும். டிசம்பர் லீவு விட்டாச்சு, பொண்ணுங்களுக்குப் பிறப்புறுப்பை அறுக்கிற சடங்கு ஆரம்பிக்கப் போகுது. அவங்களைக் காப்பாத்த வர்ற காப்பகத்து வண்டி ஆட்டைத் தேடிட்டு நிக்கிறதா?

வெரெமா: சரி, சரி. அடுத்தது... ‘நீலக் கதவு’. கதவு நடக்காதுல்ல? ஐயோ... அந்தக் கதவைத் திறந்துட்டு வெய்கேசா அம்மா வர்றாங்க!

மட்டிண்டே: அவங்க வீட்டுக்காரர்தான் சடங்குக்கு நாள் குறிக்கிறவர். உளறிடாத. சோடா கம்பெனின்னு சொல்லு.

வெரெமா: போன ஊர்ல தண்ணிக் குழாய்னு சொன்னோமே?

மட்டிண்டே: அதனாலதான் குடத்தோட பின்னாடியே வந்தாங்க. சிரி, சிரி...

வெய்கேசா அம்மா: என்ன, ரெண்டு பேரும் போனை மேல தூக்கிக் காட்டிட்டு? சாமிக்கு மிஸ்டு கால் குடுக்கிறீங்களா?

வெரெமா: இல்ல அத்தை... சோடா கம்பெனி வேலை. கடைக்கு வண்டி வர வழி குறிக்கிறோம்.

வெய்கேசா அம்மா: என்ன சோடா?

வெரெமா: ஆரஞ்சு.

மட்டிண்டே: கறுப்பு.

வெரெமா: ...ரெண்டும்.

வெய்கேசா அம்மா: நல்ல கம்பெனி. இந்தா, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சூடா இருக்கு. இப்படி ஒல்லியா இருந்தா உனக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?

வெரெமா: மாடு இருந்தா குடுப்பான் அத்தை. எங்கிட்ட போன்தானே இருக்கு.

வெய்கேசா அம்மா: அது சரி, சோடா வண்டி டவுன்ல இருந்து வர எவ்வளவு நேரமாகும்?

வெரெமா: ஒரு மணி நேரம்.

வெய்கேசா அம்மா: அது சுத்து வழி. பருத்திக் கிடங்குக்குப் பின்னாடி ஒரு தடம் இருக்கு. அரை மணிதான். அதையும் குறிச்சுக்கோ.

மட்டிண்டே: ...எதுக்கு அத்தை இவ்வளவு அவசரம்?

வெய்கேசா அம்மா: சோடா சூடாயிரும்ல. எங்க வீட்டுக்கு என்ன அடையாளம் போட்டீங்க?

வெரெமா: நீலக் கதவு.

வெய்கேசா அம்மா: போச்சு போ. நாளைக்குப் பச்சை அடிக்கப் போறார் மனுஷன். விருந்தாளிங்க வர்றாங்களாம்.

மட்டிண்டே: என்ன விசேஷம்?

வெய்கேசா அம்மா: என் சின்னவ ரோபிக்குப் பன்னெண்டு முடியுது. வெள்ளிக்கிழமை அவளுக்குச் சடங்கு.

வெரெமா: அத்தை, நாங்க வெறும் சோடா...

வெய்கேசா அம்மா: வாயை மூடுடா. கையில ஒரு பாட்டில்கூட இல்லாம ஒரு சோடா கம்பெனி! மட்டிண்டே, நீ சொல்லு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் பெரியவ வெய்கேசாவுக்காகக் காப்பகத்து வண்டிக்கு மெசேஜ் அனுப்பினது நீதானே? ‘ஒத்தைக் கொம்புக் காளை கட்டின வீடு’ன்னு.

வெரெமா: அக்கா? நீயா?

மட்டிண்டே: வகுப்புல என் பக்கத்துலதான் உட்காருவா, அத்தை. வேற அடையாளம் எனக்குத் தெரியலை...

வெய்கேசா அம்மா: நீ சரியாத்தான் அனுப்பின. மறுநாள் அந்தக் காளையை என் கொழுந்தன் கல்யாணத்துக்குப் பரிசமா எதிர் மலைக்கு ஓட்டிட்டுப் போயிட்டாங்க. வண்டியும் காளையைத் தேடி அங்க போயிருச்சு. திரும்பி இங்க வர்றதுக்குள்ள அவளை அறுத்துட்டாங்க... ரத்தம் நிக்கவே இல்ல.

மட்டிண்டே: என்னாலதானே...

வெய்கேசா அம்மா: அழாதடி, கிழங்கு உப்பாயிரும். மெசேஜ் அனுப்பினதை வெய்கேசா எங்கிட்ட சொல்லியிருந்தா. காளை போனதை நான்தான் உங்கிட்ட ஓடி வந்து சொல்லியிருக்கணும். அப்ப எனக்குத் தைரியம் இல்ல.

வெரெமா: இப்ப என்ன போடட்டும், அத்தை?

வெய்கேசா அம்மா: வியாழக்கிழமை மத்தியானம் வண்டி வரட்டும். அவர் சந்தைக்குப் போயிருப்பார். வீட்டுக்குப் பின்னாடி ஒரு பிளந்த பாறை இருக்கு. ரோபி பள்ளிக்கூட யூனிஃபார்ம் போட்டு அது மேல உட்கார்ந்திருப்பா.

வெரெமா: ‘பிளந்த... பாறை.’ போட்டேன்.

வெய்கேசா அம்மா: அதை எவனும் பரிசமா ஓட்டிட்டுப் போக முடியாது.