மாரிக் கடல்ல காட்டின வளவு

இல்ல மொதலாளி, இண்டைக்கு வெயில் வராது. மார்கழி மாசமல்லவா? சீட்டு ஈரமெண்டா இந்தத் துண்டால தொடைச்சுக்கங்க. நம்மட ஓட்டோதான், காணிப் புரோக்கர் வேலைக்கெண்டே எடுத்தது. அவசரப்படாதீங்க, நீங்க வாங்கப்போற காணி வளவு எங்கயும் ஓடாது. ஹோட்டல் கட்டினா வாற ஆக்களுக்கு எதைக் காட்டுவீங்க? முதல்ல அதைப் பாருங்க.

கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசல் புடிச்சிருந்திச்சா? கொடியேத்தத்துக்கு வந்து பார்க்கணும், சனத்தில மணல் தெரியாது. ஒங்களுக்கு வளவு விக்கிற ஆதம்பாவா ஹாஜியார் கந்தூரிச் சோத்துக்கு முன் வரிசை, நேர்ச்சைக் காசு போடப் பின் வரிசை. சும்மா சொன்னன், சிரிங்க.

இது காரைதீவு. வைகாசியில கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு, ஊரே முழிச்சிருக்கும். சாகாமம் குளத்துக்குப் பின்னேரம் போவம், தாமரையும் கொக்கும் பார்க்கலாம். நானா? படிச்சது எட்டாம் வகுப்பு. அக்கரைப்பற்றுச் சந்தையில நெல்லு மூட்டை தூக்கித்தான் யாவாரம் படிச்சன். விலைய நீ சொல்லாத, மற்றவன்ட வாயால வரட்டும், வந்த பிறகு அந்த வாயையே புடிச்சுக்க. அவ்வளவுதான் என்ட படிப்பு.

அந்தா, கப்பலுக்கு வழி காட்டுற வெளிச்சவீடு. ஒலுவில் வந்திட்டம், இறங்குங்க. ஓம், அந்தக் கிணறுதான், தண்ணிக்குள்ள தனிய நிக்குது. மண்ணெல்லாத்தையும் கடல் அள்ளிட்டு, கிணத்துக் கொட்டு, அந்த வட்டச் சுவர் மட்டும் மிச்சம். படம் எடுங்க, எடுங்க. வாறவங்க எல்லாரும் அதைத்தான் எடுக்கிற.

வளவா? நீங்க நிக்கிறது வளவுலதான் மொதலாளி. காணி உறுதிப் பத்திரத்தில எல்லைக்கல்லு நாலு. ரெண்டு ஒங்கட காலடியில. ஒண்டு அந்தா, நுரைக்குள்ள தலையக் காட்டுது. மற்றதை மீனுக்கிட்டத்தான் கேக்கணும்.

என்னோட கோவிக்காதீங்க. ஹாஜியார் அனுப்பின வீடியோ பொய்யில்ல. மேக்கால கச்சான் காத்து அடிக்கிற மாசம் எடுத்தது, அப்ப இந்தக் கடல் பூனைக்குட்டி மாதிரிக் கிடக்கும். ஒங்களையும் ஆடியிலயே கூட்டி வரச் சொன்னவர்தான். நான்தான் ஒருக்கா ஓட்டோ பழுதெண்டன், ஒருக்கா காய்ச்சலெண்டன், மறுகா மச்சான் மௌத்தாப் போயிட்டாரெண்டன். எனக்கு மச்சானே இல்ல. மாரிக் கடல் எழும்பட்டும் எண்டு இருந்தன்.

ஏனெண்டா? எங்கட பக்கத்தில மாப்புள பொண்ணு வீட்டுக்குத்தான் வாற. பொம்புளப் புள்ள பொறந்த அண்டைக்கே வாப்பாக்காரன் கல்லும் சீமெந்தும் தேடத் தொடங்கணும். ஒருத்தன் கத்தார்ல ஒம்பது வருசம் வெந்து மகளுக்கு வீடு கட்டினான். ஹாஜியார்ட மகன் பஹ்மிதான் மாப்புள. கலியாணத்துக்குப் பதினொரு நாள் கிடக்கக்க ஹாஜியார் வந்தார், வாசல்ல நிண்டு ஊர் கேக்கச் சொன்னார்: கடல் திங்கப்போற கரையில கட்டின வீட்டுக்கு என்ட மகன் மாப்புளயா வரமாட்டான், நாயும் வராது.

பொய்யா சொன்னார்? இல்ல மொதலாளி, சரியாத்தான் சொன்னார். அவர்ர வளவு பக்கத்து வளவு, அவருக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? மூணாவது மாரியில வீடு கடலுக்குள்ள போயிட்டு. இப்ப அதே வாயால ஒங்களுக்கு என்ன சொன்னார்? நூறு வருசத்துக்கு அசையாத கரையெண்டா? நல்லம்.

என்னைப் புரோக்கராப் புடிச்சதும் அவர்தான். பழசை மறந்திருவம் கபூர் எண்டார். நானும் சிரிச்சிட்டு ஓமெண்டன்.

அந்தா, ஹாஜியார்ர வெள்ளைக் கார் வருது. நீங்க ஒண்டும் சண்டை புடிக்காதீங்க. "ஹாஜியார், இந்தக் கரையைக் கடல் திங்குமா?" எண்டு மட்டும் கேளுங்க, சத்தமாக் கேளுங்க. அங்கால வலை இழுக்கிற ஆக்கள் எல்லாரும் அண்டைக்கு வாசல்ல நிண்டவங்கதான். திங்குமெண்டு சொன்னா வளவுக்கு விலையே இல்ல. திங்காதெண்டா, என்ட மகள் றிப்னாட கலியாணத்தை எதுக்கு நிப்பாட்டின எண்டு இவங்களுக்கு முன்னால சொல்லட்டும்.

எந்த வீடா? நீங்க இப்ப படம் எடுத்தீங்களே மொதலாளி, அந்தக் கிணறு. அது எங்கட வீட்டில சோறாக்கின குசினிக்குப் பின்னால இருந்தது.